ராஜா மண்வெட்டி பிடித்தாரா?

சயாமுக்குச் சுற்றுலா போய் வருகிறவர்கள் டாம்னுன் சடுவாக் மிதக்கும் சந்தையில் எடுத்த படத்தைக் காட்டி, தவறாமல் ஒன்றைச் சொல்கிறார்கள்: 'மோங்குட் ராஜா வெட்டிய கால்வாய்.' போன வாரம் சிம்பாங் அம்பாட் ஒட்டுக்கடையில் நண்பர் ஒருவரும் அதையே சொன்னார். கேட்டுவிட்டேன், "ராஜா மண்வெட்டி பிடிச்சாரா?"

மோங்குட் லேசுப்பட்ட ஆள் இல்லை. 27 ஆண்டுகள் துறவியாக இருந்தவர். சங்கத்தை விநய ஒழுக்கத்துக்குத் திருப்ப தம்மயுத் பிரிவைத் தொடங்கியவர். 1851இல் அரியணை ஏறினார். 1855இல் ஆங்கிலேயரோடு பௌரிங் ஒப்பந்தம். இறக்குமதி வரி 3 விழுக்காடானது, அரிசி ஏற்றுமதிக்கு வழி திறந்தது. கூடவே கால்வாய்கள். 1860இல் முடிந்த மகாசவத் கால்வாயில் நக்கோன் பதோம் தூபிக்கு யாத்திரையும் போகலாம், சீனியும் ஏற்றி வரலாம். அதன் கரையோர வயல்களை ராஜா தம் பிள்ளைகளுக்கே பிரித்துக் கொடுத்தார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாம்னுன் சடுவாக் 1866இல் தொடங்கி 1868இல் முடிந்தது. சுமார் 32 கிலோமீட்டர். தா சின் ஆற்றையும் மே குலோங் ஆற்றையும் இணைத்தது.

சேற்றில் இறங்கி வெட்டியவர்களில் பெரும்பாலோர் சீனக் கூலிகள்.

"கூலி கொடுத்தாங்கல்ல? பழைய கட்டாய ஊழியத்துக்கு இது மேல்தானே?" என்றார் நண்பர். மேல்தான். ஆனால் அந்தக் கூலி எங்கே போனது? மோங்குட்டின் அரசு அபின் விற்பனையைக் குத்தகைக்கு விட்டது, சீனர்களுக்கு மட்டும் விற்கலாம் என்று. போதையைத் தவிர் என்கிறது ஐந்தாம் சீலம். 27 வருஷம் அதை ஓதியவரின் கஜானாவுக்கு அபின் குத்தகைப் பணம் வந்துகொண்டிருந்தது. கால்வாய் வெட்டியவனிடம் கொடுத்த காசு, அவன் புகைத்த புகை வழியாகத் திரும்பியது.

இது நமக்குப் புரியாத கணக்கா? தோட்டத்துக் கள்ளுக்கடையை அதற்குள் மறந்தாச்சா? பால்மரம் சீவிய சம்பளத்தில் எவ்வளவு வீடு வந்து சேர்ந்தது என்று எங்கள் பாட்டியைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நாம் எழுத உட்கார்ந்தால் கடாரம் வென்ற சோழன்தான் முதலில் வருகிறான். லயம் அப்புறம், இடமிருந்தால்.

நண்பர் தே தாரிக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தார். "உங்களுக்கு எதுலயும் கூலிக்காரன்தான் தெரிவான்."

தெரிகிறான். தோட்டத்தில் என் தாத்தா வெட்டிய லோங்காங்கை இன்றைக்கும் எங்களாட்களே 'துரை போட்டது' என்றுதான் சொல்கிறார்கள்.