கத்தி பிடிக்கும் கைகளுக்கு ஒரு காப்பு

மத்திய அரசின் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,



ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரார் வீடுகளுக்குக் கறியும் மீனும் வந்து சேரவேண்டும் என்பதற்காக, விடியுமுன்னரே கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்கிற கசாப்புக் கடைத் தொழிலாளிகளையும், சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை போன்ற மீன் அங்காடிகளில் அரிவாள்மணைக்கு முன் அமர்ந்து ஜீவனம் நடத்துகிற பெண்களையும் முன்னிட்டு இம்மடலை எழுதுகிறேன்.

இத்தொழிலின் அபாயம் அருகில் நின்று பார்ப்பவருக்கே விளங்கும். கொழுப்பும் ரத்தமும் படிந்த கைப்பிடி வழுக்கும். நெஞ்செலும்பைப் பிளக்க ஓங்கிய கத்தி கட்டையில் சறுக்கித் திரும்பினால், இறைச்சியை அழுத்திப் பிடித்திருக்கும் இடக்கை விரல்தான் முதலில் அகப்படும். மீன் வெட்டும் பெண்ணோ, அலகை அசைப்பதில்லை. மீனையே அலகை நோக்கித் தள்ளுகிறாள். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் அவள் விரல்கள் அலகின் ஓரம்வரை சென்று மீள்கின்றன. ஐஸில் விறைத்துப்போன கைக்கு வெட்டுப்பட்டதுகூட உடனே தெரிவதில்லை.

1923ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் கண்ட தேசம் நம்முடையது. ஆட்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 14 சதவீதம், கட்டைவிரல் போனால் 30 சதவீதம் இழப்பு என்று அது விரல்வாரியாக வரையறுத்தது. மாதம் 15,000 ரூபாய் பெறும் 30 வயதுத் தொழிலாளி ஆட்காட்டி விரலை இழந்தால், அந்த அளவுகோலின்படி வரும் ஈட்டுத்தொகை ஏறத்தாழ 2,62,000 ரூபாய். ஒரு விரலுக்கு அது பெரிய தொகையென்று நான் கருதவில்லை. ஆனால் இரண்டு ஆளை வைத்துக்கொண்டு, ஆட்டு விலைக்கும் கடை வாடகைக்கும் இடையே திண்டாடும் சிறு வியாபாரி அதை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? தனியார் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றால், அபாயம் மிகுந்த தொழிலுக்குப் பிரீமியமும் மிகுதியாகவே கேட்பார்கள். ஆதலால் பாலிசியில்லாமலே கடை நடக்கிறது; விபத்து நேர்ந்தால் தையல் போட்ட செலவும் சில நாள் படியும் கொடுப்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. இதற்கு வியாபாரியைக் கொடியவர் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தனியொருவர் தாங்கமுடியாத பாரத்தை அவர் தலையில் ஏற்றிவைத்த ஏற்பாடே குறையுடையது.

அப்பாரத்தைப் பலர் பகிர்ந்து சுமக்கும் வழி, தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் முன்பே இருக்கிறது. 15,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், அதாவது மாதம் 487 ரூபாய் 50 காசு. தொழிலாளியின் பங்கு 112 ரூபாய் 50 காசு. அதைச் செலுத்திவிட்டால் வைத்தியமும், வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும், நிரந்தர ஊனத்துக்கு உதவித்தொகையும் ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனின் பொறுப்பு. ஆயினும் பத்துப் பேருக்குக் குறைந்த கடைக்கு அது கட்டாயமில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் கறிக்கடை நம் தெருக்களில் எத்தனை?

2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், அபாயகரமானவை என்று மத்திய அரசு அறிவிக்கும் தொழில்களில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும் என்று விதித்திருக்கிறது. கத்தித் தொழிலுக்கு அந்த விதியைக் காட்டிலும் பொருத்தமான பரிகாரம் வேறு எனக்குத் தோன்றவில்லை. இது சிறு கடைக்குப் புதிய சுமையாகாதா என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். மாதந்தோறும் ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவாகக் கொடுப்பதா, ஒரு நாள் இரண்டரை லட்சத்துக்கு மேல் கடன்படுவதா என்று கேட்டால், எந்த வியாபாரியும் தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

மீன் வெட்டும் பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. வாங்குகிறவர்கள் கொடுக்கும் கூலியே அவர்கள் வருமானம். முதலாளி என்று சுட்ட ஒருவரில்லை. அமைப்புசாராத் தொழிலாளருக்கென ஈ.எஸ்.ஐ.யின் கீழ்த் தனித்திட்டம் வகுக்க அதே சட்டம் இடந்தருகிறது. அங்காடியில் வாடகை வசூலிக்கும் உள்ளாட்சி மன்றம் முதலாளியின் பங்கை ஏற்பது நியாயமென்றே எண்ணுகிறேன்.

இறைச்சி வெட்டுதலையும் மீன் வெட்டுதலையும் அபாயத் தொழில்களாக அறிவித்து, அங்காடிப் பெண்களுக்குரிய திட்டத்தையும் காலதாமதமின்றி வகுத்தருளுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு குடிமகன்