பரிசோதனைச் சான்றிதழ் செய்து பார்ப்போமா?



கூமாப்பட்டி மாணவர் ஒருவர் தம்முடைய மின்-ஆதார் அட்டையை இணையத்திலிருந்து இறக்கி, கணிப்பொறி மையத்தில் திறந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் சரி, பிறந்த தேதி சரி, முகவரியும் சரி. ஆனால் கையொப்பம் இருக்கும் இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கேள்விக்குறி! அந்தக் கையொப்பம் செல்லுமா செல்லாதா என்று தெரியவில்லை என்கிறது கணிப்பொறி. மையத்துக்காரர் மௌஸை நாலைந்து தடவை தட்டுகிறார். கேள்விக்குறி மறைந்து பச்சை நிறச் சரிக்குறி வந்துவிடுகிறது. "இப்பச் சரியாப்போச்சு தம்பி" என்கிறார் அவர்.

எது சரியாகப் போயிற்று? அட்டையில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. கையொப்பமும் முன்பிருந்ததுதான். அந்தக் கணிப்பொறி வைத்திருக்கும் 'நம்பத் தகுந்தவர்கள்' பட்டியலில் புதிதாக ஒரு பெயர் சேர்ந்தது, அவ்வளவே. அது யாருடைய பெயர் என்று தட்டியவரும் படிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தவரும் கேட்கவில்லை. நம் நாட்டில் இப்படித் தட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்பது என் கவலை. பள்ளிகளில் 'டிஜிட்டல் சான்றிதழ் என்றால் என்ன?' என்று கேட்டு இரண்டு மதிப்பெண் கொடுப்பதால் இந்தக் கவலை தீராது. ஒளிவிலகலைப் பட்டகம் வைத்துச் செய்து பார்க்கிறோம் அல்லவா? அதேபோல, சாவியையும் சான்றிதழையும் மாணவர்கள் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் கணக்கு. 3, 11 என்ற இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 33. இந்த 33-உடன் 3 என்ற எண்ணைச் சேர்த்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடுங்கள். அது பொதுச் சாவி. 7 என்ற எண்ணை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அது இரகசியச் சாவி. இப்போது 4 என்ற செய்தியில் கையொப்பமிட வேண்டும். ஏழு 4-களை ஒன்றோடொன்று பெருக்கினால் 16384. அதை 33-ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16-தான் உங்கள் கையொப்பம். சரிபார்ப்பவர் மூன்று 16-களைப் பெருக்குகிறார், 4096 வருகிறது. 33-ஆல் வகுத்தால் மீதி 4. செய்தி திரும்பக் கிடைத்துவிட்டது! யாராவது 16-க்குப் பதில் 17 என்று போட்டுப் பார்த்தால் மீதி 29 வந்து அவரைக் காட்டிக்கொடுக்கும். தாளும் பென்சிலும் எடுத்து ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

33-ஐப் பிரித்து 3, 11 என்று கண்டுபிடிக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போதும். உண்மையான சாவியில் இந்த எண் 2048 பிட் நீளம், அதாவது 617 இலக்கங்கள். 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் இம்முறையை வகுத்தார்கள். அவர்கள் பெயரால் அமைந்த போட்டி எண்களில் 250 இலக்கமுள்ள ஒன்றைப் பிரிப்பதற்கே, பல கணிப்பொறிகள் சேர்ந்து உழைத்து, 2020 வரை ஆயிற்று.

சாவி இருந்தால் மட்டும் போதுமா? ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்து பாருங்கள். கடைக்குக் கடை 'ஒரிஜினல் பால்கோவா' என்று பலகை. பலகையை எழுதி மாட்டியவர் கடைக்காரரே. தன் சான்றிதழில் தானே கையொப்பமிட்டுக்கொள்வதும் இப்படித்தான். நமக்கு வேண்டியது வேறொருவர் சொல்லும் சாட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுபோல. 'இந்தப் பொதுச் சாவி இன்னாருடையதுதான்' என்று மற்றொருவர் கையொப்பமிட்டுத் தருவதே சான்றிதழ். அந்த மற்றொருவருக்கு யார் சாட்சி? அவருக்கும் மேலே ஒருவர். இப்படியே போய் ஓரிடத்தில் நிற்கத்தான் வேண்டும். அங்கே நிற்பது வேர்ச் சான்றிதழ். தன் கையொப்பத்தைத் தானே போட்டுக்கொண்ட ஒரே பெரிய மனிதர் அவர்! இந்தியாவில் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி சான்றளிப்போர் கட்டுப்பாட்டாளர் என்னும் அலுவலகம் இந்த வேரைக் காக்கிறது. மின்-ஆதாரில் கேள்விக்குறி ஏன் வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அந்தக் கணிப்பொறியின் பட்டியலில் இந்தியாவின் வேர் இல்லை.

இனி ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். லினக்ஸ் உள்ள கணிப்பொறி ஒன்று போதும். நீங்கள் தட்டும் ஆணையை வாங்கி நிறைவேற்றித் தரும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். ஆணைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால் அது ஷெல் ஸ்கிரிப்ட். சாவி செய்யும் வேலைக்கு 1998 முதல் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்ற இலவச நிரல் இருக்கிறது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் வேருக்கு ஒரு சாவி. இரண்டாவதில் அந்த வேர் தனக்கே எழுதிக்கொள்ளும் சான்றிதழ். அடுத்து மாணவர் ஒருவருக்குச் சாவி. அவருடைய பெயரும் பொதுச் சாவியும் கொண்ட விண்ணப்பம். விண்ணப்பத்தில் வேரின் கையொப்பம். கடைசி வரியில் சரிபார்ப்பு. மாணவரின் இரகசியச் சாவி எந்தக் கட்டத்திலும் வேருக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். புத்தகத்தில் பத்து தடவை படித்தாலும் மனதில் நிற்காத இந்த விஷயம், ஸ்கிரிப்ட் எழுதுகிறவனுக்கு மறக்கவே மறக்காது. நடுவே ஒரு சுழற்சி போட்டுவிட்டால் வகுப்பிலுள்ள நாற்பது பேருக்கும் சான்றிதழ் தயார்.

ஆனால் நல்ல சான்றிதழ் செய்வது பாதி வேலைதான். பரிசோதனையின் சுவை கெட்ட சான்றிதழ் செய்வதில் இருக்கிறது. பெயரை மாற்றிப் போட்டு ஒன்று, வேறொரு வேர் கையொப்பமிட்டு ஒன்று, செய்து முடித்தபின் நடுவில் ஓர் எழுத்தைத் திருத்தி ஒன்று, நேற்றோடு காலாவதியானது ஒன்று. ஒவ்வொன்றையும் சரிபார்க்கக் கொடுத்து, கணிப்பொறி என்ன சொல்லி மறுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலாவதியானதை வைத்து இன்னொரு வேடிக்கையும் செய்யலாம். கணிப்பொறியின் கடிகாரத்தை ஒரு வாரம் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி கொடுங்கள். செல்லும் என்று ஏற்றுக்கொள்கிறது! நம்பிக்கை கடிகாரத்தையும் பொறுத்திருக்கிறது என்பது இயற்பியல்காரனான எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பழைய ஆய்வுக்கூடக் கணிப்பொறியில் உள்ளிருக்கும் சின்ன பாட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விட்டால், எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'சான்றிதழ் சரியில்லை' என்று வருவது இதனால்தான். பழுது அந்த பாட்டரியில் இருக்கிறது. எச்சரிக்கையைப் படிக்காமல் 'தொடர்க' என்று தட்டிப் பழகுகிறவர்கள் உருவாவதும் இங்கேதான்.

'பிள்ளைகளுக்குக் கள்ளக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுப்பதா?' என்று சில ஆசிரியர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் வங்கியின் பெயரில் நீங்கள் செய்யும் சான்றிதழை உங்கள் பக்கத்துக் கணிப்பொறிகூட ஏற்காது. அது ஏன் ஏற்காது என்பதைக் கண்ணால் காண்பதே பாடம். இதைச் செய்து பார்த்த மாணவனை ஏமாற்றுவது கடினம்.

மேலும், பெரியவர்களிடத்திலும் தவறு நடக்கிறது. 2014 ஜூலை 2 அன்று, தன் முகவரிகளுக்குத் தன்னைக் கேட்காமலே சான்றிதழ் வழங்கப்பட்டிருப்பதைக் கூகுள் நிறுவனம் கண்டது. வழங்கியது நம் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு. அதற்கு மேலே இருந்த வேர் இந்திய அரசினுடையது. மைக்ரோசாஃப்டின் பட்டியலில் அந்த வேர் இருந்ததால், விண்டோஸில் ஓடும் பல நிரல்கள் அவற்றை நம்பியிருக்கும். தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் நம்பியிருக்காது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் அலுவலகம் அந்த மையத்தின் சான்றிதழ்களை இரத்துச் செய்தது. பிறகு குரோம் உலாவி, இந்திய வேரை ஒரு சில இந்திய முகவரிகளுக்கு மட்டும் நம்புவது என்று குறுக்கிக்கொண்டது. நம் வேரை ஏற்கும் உலாவியை நாமே செய்வோம் என்று 2023-இல் மத்திய அரசு ஒரு போட்டி அறிவித்தது; 2025-இல் சோஹோ நிறுவனம் முதல் பரிசு பெற்றது. மகிழ்ச்சிதான். ஆயினும் உலாவி நம்முடையதாக இருந்தால் மட்டும் 2014 போன்றது நடக்காது என்று எனக்குத் தோன்றவில்லை. திறந்து பார்த்துச் சோதிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வேண்டும். அவர்கள் வேறெங்கிருந்தும் வரப்போவதில்லை. உங்கள் வகுப்பிலிருந்துதான் வர வேண்டும்.

பரிசோதனைச் சாவியும் விளையாட்டுப் பொருளாகாது. 2015 செப்டம்பரில் சிமான்டெக் நிறுவனத்தார் உள்ளுக்குள் சோதனை செய்வதற்கென்று கூகுளின் பெயரிலேயே சான்றிதழ் செய்துவிட்டார்கள். அவர்களுடைய வேர் உலகமே நம்பிய வேர்! இதனால் தொடங்கிய சிக்கல், 2017-இல் அவர்கள் சான்றிதழ்த் தொழிலையே விற்றுவிடும் வரை போயிற்று. 2024-இல் இன்னொரு கூத்து வெளிவந்தது. கணிப்பொறி இயங்கத் தொடங்கும்போது சோதிக்கும் முதன்மைச் சாவியின் பெயரிலேயே 'நம்பாதே' என்று எழுதி, மாதிரிக்காக ஒரு நிறுவனம் கொடுத்திருந்தது. அதை மாற்றாமலே நூற்றுக்கணக்கான மாடல்களைச் சந்தைக்கு அனுப்பிவிட்டார்கள் பல தயாரிப்பாளர்கள்!

ஆகவே சில கட்டுப்பாடுகள் வேண்டும். உண்மையான நிறுவனம் எதன் பெயரையும் போடாதீர்கள். இணையத்தில் சோதனைக்கென்றே ஒதுக்கிய 'டெஸ்ட்' என்ற ஈறு இருக்கிறது. 2007-இல் பதினொரு மொழிகளில் இப்படிச் சோதனை ஈறுகள் அமைத்தபோது தமிழுக்கும் ஒன்று கிடைத்தது: 'உதாரணம்.பரிட்சை' என்பது முகவரி. ('பரீட்சை' என்றல்லவா எழுத வேண்டும் என்று உங்கள் தமிழாசிரியர் கேட்பார், உலக ஏட்டில் குறிலாகவே ஏறிவிட்டது!) 2013-இல் அதை நீக்கிவிட்டார்கள். சான்றிதழின் ஆயுளை ஏழு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். இரகசியச் சாவிக் கோப்பை அதன் உரிமையாளர் மட்டுமே படிக்கும்படி ஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள். கடைசி வரியில் எல்லாச் சாவிகளையும் அழித்துவிடச் சொல்லுங்கள். மிக முக்கியமாக, நீங்கள் செய்த வேரை வீட்டுக் கைபேசியிலோ, பிறரும் பயன்படுத்தும் கணிப்பொறியிலோ நம்பிக்கைப் பட்டியலில் ஏற்றவே கூடாது.

செலவைப் பற்றித் தலைமையாசிரியர் கேட்டால், அரசு கொடுத்த பழைய மடிக்கணிப்பொறியே போதும் என்று சொல்லுங்கள். இணைய இணைப்புக்கூட வேண்டாம்.