சேலம் - சென்னை விமானமும் சங்கத்துப் பணமும்

அண்மையில் சேலத்தை அடுத்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்குத் தணிக்கையின் பொருட்டுச் சென்றிருந்தோம். அங்கு நிர்வாகக் குழுவினரிடையே ஒரு வாதம். எழும்பூரிலுள்ள கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகத்துக்குச் சேலை மாதிரிகளைக் கொண்டுசெல்லும் பிரதிநிதிக்கு விமானக் கட்டணம் வழங்கலாமா என்பதே கேள்வி. "ஒரு மணியில் சென்னை, இரவெல்லாம் இரயிலில் இடிபடுவானேன்?" என்றார் ஓர் அங்கத்தினர். "அது தறிக்குழியில் கால் மரத்தவன் கட்டிய பங்குத்தொகை ஐயா!" என்றார் மற்றவர். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆயினும் அந்த 'ஒரு மணி'யைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

கமலாபுரம் விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். உளுந்தூர்ப்பேட்டை வழிச் சாலையோ ஏறக்குறைய 340. இத்தகைய குறுந்தடங்களில் பறக்கும் சுழல்விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் செல்ல வல்லது. அங்ஙனமாயின் அரை மணி போதுமன்றோ எனில், போதாது. ஓடுபாதைக்கு ஊர்தல், மேலேறுதல், சென்னையில் இறங்க முறை வரும்வரை வட்டமிடுதல் எல்லாம் சேர்ந்தே அட்டவணையில் ஒரு மணி ஆகின்றது.

இனி, நெசவாளர் வீட்டு வாயிலிலிருந்து எண்ணுவோம். இளம்பிள்ளையிலிருந்து கமலாபுரம் சேர ஒரு மணி. புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்னரே பதிவு முடிந்துவிடுமாதலால், காத்திருப்பு ஒன்றரை மணி. பறப்பது ஒரு மணி. பெட்டி கைக்கு வர அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து எழும்பூருக்கு மேலும் ஒரு மணி. ஆக ஐந்து மணி! இரவு இரயிலில் செல்வோர் உறங்கியவாறே விடியலில் எழும்பூரில் இறங்குவர். அவர் பகற்பொழுதில் ஒரு நாழிகையும் குறைவதில்லை.

சாதாரணச் சீட்டுக்குப் பெட்டி 15 கிலோ, கைப்பை 7 கிலோ என்பது வழக்கம். மாதிரிச் சேலைகளுக்கு இது தாராளம், சரக்குக்கு ஆகாது. மாங்கனி விளைவிக்கும் அன்பர்களுக்கோ இதில் யாதொரு பயனும் இல்லை. அவர்தம் கூடைகள் மாலையில் லாரியேறி, விடியுமுன் கோயம்பேட்டில் இறங்குகின்றன. நிலையத்தை விரிவாக்க நிலம் எடுக்கும் முயற்சியை 2018-இல் எதிர்த்து நின்றவர்களும் அச்சுற்றுவட்டார விவசாயிகளே என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

மற்றொரு சங்கடமும் உண்டு. உதான் திட்டத்தின் கீழ் 2018 மார்ச்சில் தொடங்கிய சேவை 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில்தான் மீண்டும் சென்னைக்கு விமானம் பறந்தது. இத்தகைய சேவையை நம்பி ஆண்டு வரவு-செலவுத் திட்டத்தில் நிரந்தர இனமாக விமானக் கட்டணத்தைச் சேர்த்தல் தகாது.

அவசரக் கொள்முதல் அழைப்பு வந்து, மாதிரி மறுநாளே சேரவேண்டுமாயின் விமானத்தை நாம் தடுக்கமாட்டோம்; தவறிய ஓர் ஆர்டர் பல தறிகளை ஓயச்செய்யும். ஆனால் தலைவர்கள் சடங்குக் கூட்டங்களுக்குப் பறப்பதை ஒப்பமாட்டோம். பயணப் பட்டியலில் வீட்டை விட்ட நேரம், அலுவலகம் சேர்ந்த நேரம் ஆகிய இரண்டையும் எழுதி, இரயில் ஏன் உதவவில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறோம். அந்த வரியை எழுத இயலாத பட்டியலில் இரயில் கட்டணம் மட்டுமே அனுமதிக்கப்படும்.