அளந்து தைத்த சட்டை

தையற்காரர் சட்டை தைக்கிறார். முதலில் என்ன செய்கிறார்? நாடாவை எடுக்கிறார். மார்பை அளக்கிறார். தோளை அளக்கிறார். பிறகுதான் கத்திரிக்கோலைத் தொடுகிறார்.

"எல்லோருக்கும் ஒரே அளவுதானே!" என்று வெட்டினால் என்ன ஆகும்? துணி பாழ்!

கம்ப்யூட்டர் உலகத்திலும் இதே கதைதான்.

கம்ப்யூட்டருக்கு மூளை போன்றது ‘சிப்’. சிப்புகளில் பல இனம் உண்டு. மேஜைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இருக்கும் இண்டெல் சிப் ஒரு இனம். செல்போனில் இருக்கும் ஆர்ம் சிப் வேறு இனம். ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரியாது.

ஒரு குமாஸ்தா, "இந்தப் பட்டியலில் பணம் கட்டாதவர்களின் பெயரைப் பொறுக்கி எடு" என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறார். அவர் எழுதுவது ‘பெர்ல்’ என்ற மொழியில். அதைப் படித்து, சிப்பிடம் வேலை வாங்க ஒரு துபாஷி வேண்டும். அந்தத் துபாஷியும் ஒரு புரோகிராம்தான்.

துபாஷிக்கு அந்தச் சிப்பின் பாஷை தெரியவேண்டும் அல்லவா? ஆகவே, ஒவ்வொரு இனச் சிப்புக்கும் தக்கபடி துபாஷியைத் தனித்தனியே உருவாக்குகிறார்கள். இதற்குத்தான் ‘கம்பைல்’ செய்வது என்று பெயர்.

கேள்வி கேட்கும் புரோகிராம்

பெர்ல் மொழியை உருவாக்கியவர் லாரி வால். அமெரிக்கர். மொழியியல் படித்தவர். 1987-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி பெர்லை வெளியிட்டார்.

அப்போது யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள் பல கம்பெனிகளில் இருந்து வந்தன. யூனிக்ஸ் என்ற பெயர் ஒன்று. குணம் வேறு, சிப் வேறு.

லாரி வால் எதையும் ஊகிக்கவில்லை. ‘கான்பிகர்’ என்ற புரோகிராமையும் கூடவே கொடுத்தார். அதுதான் அளவு நாடா! கம்பைல் செய்வதற்கு முன்பு அது யந்திரத்தைக் கேள்வி கேட்கிறது.

"உன்னிடம் ஒரு எண்ணுக்கு எவ்வளவு இடம்?"

"எண்ணின் எந்தப் பாதியை முதலில் வைப்பாய்?"

சின்னச் சின்ன புரோகிராம்களை ஓட்டிப் பார்த்து, அது விடையைத் தெரிந்துகொள்கிறது.

இரண்டாவது கேள்வி வேடிக்கையானது அல்ல. 1987 என்ற எண்ணை இரண்டாகப் பிரித்து வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிப் 19-ஐ முதலில் வைக்கும். இன்னொரு சிப் 87-ஐ முதலில் வைக்கும். கேட்காமல் படித்தால் 1987 என்பது 8719 ஆகிவிடும்!

யூனிக்ஸ்காரர்கள் ஒரு பழைய கதை சொல்வார்கள். யூனிக்ஸை வேறு யந்திரத்துக்குக் கொண்டுபோனார்களாம். "யூனிக்ஸ்" என்று எழுத்து வரவேண்டும். "நுக்சி" என்று வந்ததாம்! ஆங்கில எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாறிவிட்டன.

சட்டை தைத்தால் போட்டுப் பார்க்கவேண்டும். பெர்லைக் கம்பைல் செய்த பிறகும் ஆயிரக்கணக்கான சோதனைகளை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

யாருக்கு லாபம்?

லாபம் அந்தக் குமாஸ்தாவுக்குத்தான். ஆபீசில் பழைய கம்ப்யூட்டர் போய்விடுகிறது. வேறு சிப் உள்ள புதிய கம்ப்யூட்டர் வருகிறது. அதற்கும் ஒரு பெர்ல் இருந்தால், பத்து வருஷம் எழுதி வைத்த கட்டளைகள் பிழைக்கும். இல்லாவிட்டால்? எல்லாவற்றையும் மறுபடி எழுதவேண்டும்.

ஆப்பிள் கம்பெனி தன் மேக் கம்ப்யூட்டர்களை 2006-ல் இண்டெல் சிப்புக்கு மாற்றியது. 2020-ல் ஆர்ம் இனத்துக்கு மாற்றத் தொடங்கியது. இரண்டு முறையும் பெர்ல் கூடவே போயிற்று.

இன்னொரு அதிசயம்! ‘ரிஸ்க்-பைவ்’ என்ற சிப் இனம் 2010-ல் அமெரிக்காவில், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘சக்தி’ சிப்பும் இந்த இனம்தான். பெர்லைவிட 23 வயது இளைய இனம்! ஆனாலும் ரிஸ்க்-பைவ் சிப்பில் பெர்ல் ஓடுகிறது.

காரணம் இரண்டு. பெர்லின் மூலம் பூட்டி வைக்கப்படவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கம்பைல் செய்யலாம். இன்னொன்று, பெர்ல் யந்திரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

"எல்லா யந்திரங்களையும் சுமப்பது வீண் செலவு" என்பார் சிலர். அதிலும் நியாயம் உண்டு. யாரும் உபயோகிக்காத பழைய யந்திரங்களைப் பெர்ல்காரர்களும் கைவிட்டது உண்டு. ஆனால், கேட்கும் வழக்கத்தைக் கைவிடவில்லை.

"என் மேஜையில் ஓடுகிறது, அது போதும்" என்று எழுதுகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். இன்றைய சிப் நாளைக்கு இருக்காது. எழுதியது இருக்கவேண்டும்.

யந்திரங்கள் மாறட்டும். அளவு நாடாவை மட்டும் தூக்கி எறியக்கூடாது!