விதைக்காய்ல கை வைக்காதீங்க மக்கா!

போன வாரம் ஹாஸ்டல் ரசத்தைப் பத்தி எழுதினதுக்கு நிறைய பேர் ஆறுதல் சொல்லியிருந்தீங்க. தேங்க்ஸ். இந்த வாரம் ரசம் பிரச்னை இல்ல. ஏன்னா செமஸ்டர் லீவு, ஊர்ல இருக்கேன். "லீவுல என்னடா பண்றே?"ன்னு கிளாஸ் குரூப்ல கேட்டாங்க. ஒருத்தன் பெங்களூர்ல இன்டர்ன்ஷிப், ஒருத்தி பைத்தான் கோர்ஸ். நான் "வெண்டைக்காய் பறிக்கிறேன்"னு போட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மையா வந்து குவிஞ்சுது. சிரிங்கடா, சிரிங்க!

மேட்டர் என்னன்னா, எங்க ஆச்சிக்கு ஜூன் முதல் வாரம் கண்புரை ஆபரேஷன். குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, கண்ணுல தூசி, தண்ணி படக் கூடாதுன்னு டாக்டர் ஆர்டர். ஆனா ஆச்சியோட புறவாசல் தோட்டத்துக்கு அந்த ஆர்டர் எல்லாம் தெரியுமா? கிணத்தைச் சுத்தி ரெண்டு சென்ட் இடம் (சிவில் பசங்களுக்காக: 870 சதுர அடி சொச்சம்). அதுல வெண்டை, கத்தரி, கொத்தவரை, மிளகாய், சுண்டை, ஒரு முருங்கை, மூணு வாழை. ஸோ, திண்ணையில கறுப்புக் கண்ணாடி போட்டு ஆச்சி உக்காந்துக்கிட்டாங்க, சூப்பர் ஸ்டார் கணக்கா! அங்கேருந்து குரல் வரும், இங்கே நான் ஓடணும். வாய்ஸ் கன்ட்ரோல் ரோபோ.

எங்க ஊர் தென்காசிப் பக்கம். (2019-ல் தனி மாவட்டமே ஆயாச்சு. ஆச்சி மட்டும் இன்னும் 'திருநேலி ஜில்லா'தான்னு அடம்.) மே கடைசியில கத்தரி வெயில் முடியும், ஜூன்ல செங்கோட்டைக் கணவாய் வழியா காத்தும் சாரலும் வரும். நடுவுல கிடைக்கிற கொஞ்ச நாள்தான் தோட்டத்துல பீக் ஹவர். ஒரு பக்கம் கோடைக் காய்ப்பு முடியுது, இன்னொரு பக்கம் ஆடிப் பட்டத்துக்கு ரெடி பண்ணணும். எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.

முதல் அவசரம் வத்தல். வெயில் இருக்கும்போதே காயப் போட்டுடணும். சாரல் விழுந்துட்டா பூஞ்சை பூத்துடும், அப்புறம் கோழிக்குக்கூட ஆகாது. கொத்தவரங்காயை உப்புத் தண்ணியில அரை வேக்காடு வேக வெச்சு மொட்டை மாடியில பரப்பணும். சுண்டைக்காயை லேசாத் தட்டி, உப்புப் போட்ட புளிச்ச மோர்ல ராத்திரி ஊற வெச்சு, பகல்ல காய வெச்சு, மறுபடியும் அதே மோர்ல ஊற வெச்சு... மோர் முழுக்க இழுக்கிற வரைக்கும் இதே லூப்தான். புரோகிராமிங் தெரிஞ்சவங்களுக்கு இது ஈஸி. காக்கா விரட்டுறதுதான் கஷ்டம், அதுக்கு லூப் எழுத முடியல.

வெண்டைக்காயை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிச்சே ஆகணும். நுனியை ஒடிச்சா 'டப்'புன்னு ஒடியணும், வளைஞ்சா முத்திப் போச்சுன்னு அர்த்தம். முத்தின காயைச் செடியில விட்டா புதுசாப் பூக்குறதும் குறைஞ்சுடும். வெறுங்கையால பறிச்சேன்... ரெண்டு நாள் கை முழுக்க அரிப்பு! "சுணை இருக்கும்லா எய்யா, துணி சுத்திக்கிட்டுப் பறிக்கணும்"ன்னாங்க ஆச்சி. முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல? தக்காளிச் செடியில பூ மட்டும் கொட்டிக்கிட்டே இருந்துச்சு. நான் தண்ணி பத்தலையோன்னு குடம் குடமா ஊத்தினேன். விஷயம் அது இல்ல. வெயில் 35 டிகிரியைத் தாண்டினா மகரந்தம் சரியா வேலை செய்யாது, பூ உதிர்ந்துடும். குளுமை வர்ற வரைக்கும் நாம என்ன பண்ணினாலும் வேஸ்ட்.

இப்படி ஒரு வாரம் ஓடுச்சா, எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிடுச்சு. ஆச்சி சொல்லாமலே ஒரு வேலை பண்ணுவோம்னு கிளீனிங்ல இறங்கினேன். கிணத்தடிக்கு மேற்கே ஒரு கத்தரிச் செடி. இலை எல்லாம் காய்ஞ்சு, பார்க்கவே பாவமா இருந்துச்சு. மூணு காய், மூணும் மஞ்சளாப் பழுத்து அழுகுற மாதிரி தொங்குச்சு. காம்புல ஏதோ சிவப்புத் துணி வேற சிக்கியிருந்துச்சு. ஒரே இழு! வேரோட வந்துச்சு. குப்பைக்குழியில வீசிட்டுக் கை தட்டிட்டு வந்தேன்.

நாலு நாள் கழிச்சு ஆச்சி கேட்டாங்க.

"எய்யா, செவப்புத் துணி கட்டியிருக்குல்லா, அந்தக் காய் நல்லாப் பழுத்துட்டா?"

எனக்கு வயித்துல அமிலக் கரைசல் கலந்துச்சு. சொன்னேன். ஆச்சி திட்டலை. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. "அது விதைக்காய்லா"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டுத் தெருவைப் பார்த்தாங்க. அன்னிக்கு மத்தியானம் சாப்பாடு பாதி தட்டுலயே இருந்துச்சு.

அப்புறம்தான் அம்மா சொன்னாங்க. அந்தக் கத்தரி, ஆச்சி கல்யாணமாகி வரும்போது அவங்க அம்மா முந்தானையில முடிஞ்சு கொடுத்த விதை. வெள்ளைக் காய், குண்டா இருக்கும், எண்ணெய்க் கத்தரிக்குன்னே பிறந்த மாதிரி. ஐம்பது வருஷத்துக்கு மேல, வருஷா வருஷம் நல்ல செடியாப் பார்த்து, நல்ல காயில துணி கட்டி, விதை எடுத்து, சாம்பல் கலந்து டப்பாவுல வெச்சு, ஆடியில போட்டிருக்காங்க. போன வருஷ டப்பா? எலி! மிச்சம் இருந்ததுதான் அந்த மூணு காய். நம்ம பாஷையில சொன்னா, பேக்கப் இல்லாத ஒரே ஹார்ட் டிஸ்க்கை நான் ஃபார்மட் பண்ணிட்டேன்.

வேலூர் முள்ளுக் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைச்சுது. ஆச்சியோட கத்தரிக்கு ஒரு பேருகூடக் கிடையாது. வீட்ல எல்லாரும் 'நம்ம காய்'னுதான் சொல்வோம். பேரே இல்லாததை எந்தக் கடையில போய்க் கேட்கறது?

கடையத்துல சின்ன ஆச்சி இருக்காங்க, அவங்களுக்கு ஒரு தடவை விதை கொடுத்ததா ஞாபகம்னு அம்மா சொன்னாங்க. உடனே பஸ் ஏறிட்டேன். சின்ன ஆச்சி வீட்டுத் தோட்டத்துல கத்தரி ஜம்முனு நின்னுச்சு. எல்லாம் ஊதா. நர்சரியில வாங்கின ஹைப்ரிட் நாத்து. "அது நெறையக் காய்க்குய்யா, அதான் பழசை விட்டுட்டேன்"னாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, உண்மையாவே நிறையக் காய்க்குது. ஆனா ஹைப்ரிட் காயில விதை எடுத்துப் போட்டா அதே மாதிரி செடி வராது. ஒண்ணு தாத்தா மாதிரி, ஒண்ணு பாட்டி மாதிரின்னு கலவையா வரும். அதனால வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்கித்தான் ஆகணும். சின்ன ஆச்சி கொடுத்த அதிரசத்தோட வெறுங்கையா... ஸாரி, அதிரசக் கையா திரும்பினேன்.

கடைசியா மிச்சம் இருந்தது குப்பைக்குழி. மூக்குல கர்ச்சீப் கட்டிக்கிட்டு இறங்கினேன். வாழைமட்டை, சாணி, வெங்காயத் தோல், நான் வீசின முருங்கைக் கிளை... முக்கால் மணி நேரம் தோண்டின பிறகு சிவப்புத் துணி தெரிஞ்சுது! மூணுல ஒரு காய் கூழாப் போயிருந்துச்சு, இன்னொண்ணு கோழி கொத்தினது. மூணாவது பாதி அழுகல், பாதி காய். எடுத்துக்கிட்டுத் திண்ணைக்கு ஓடினேன். ஆச்சி மோந்து பார்த்தே கண்டுபிடிச்சுட்டாங்க.

"அழுகுனா என்ன? வெதை முத்திட்டா போதும்லா. தண்ணியில கரை."

சாப்பிடுற பதத்துல காயைப் பறிச்சா உள்ளே இருக்கிறது வெறும் வெள்ளைப் பிஞ்சு விதை, முளைக்காது. செடியிலேயே விட்டு மஞ்சளாப் பழுத்தாத்தான் விதை முத்தும். அதனாலதான் அந்தச் செடி அவ்வளவு கேவலமா நின்னிருக்கு. நான் அழுகல்னு நினைச்சது விதைக்காக வேணும்னே விட்டது. பிசைஞ்சு தண்ணியில போட்டேன். சதையும் சொத்தை விதையும் மிதந்துச்சு, நல்லது அடியில போய் உக்காந்துச்சு. மிதந்ததை ஊத்திட்டு, நாலு தடவை அலசி, நிழல்ல துணி விரிச்சுக் காய வெச்சேன். எண்ணிப் பார்த்தேன்: 61. (ஆமா, எண்ணினேன். இன்ஜினீயர்ல!)

ஆறாம் நாள் செம்மண், மணல், மக்கின சாணி கலந்து பழைய பிளாஸ்டிக் டப்பாவுல விதைச்சோம். நாலு நாள், ஒண்ணும் இல்ல. ஏழு நாள், ஒண்ணும் இல்ல. நான் ராத்திரி டார்ச் அடிச்செல்லாம் பார்த்தேன். ரிசல்ட்டுக்குக்கூட இப்படிக் காத்திருந்தது இல்ல மக்கா. ஆச்சி தினமும் காலையில "வந்துட்டா?"ன்னு கேட்பாங்க, நான் "இல்ல ஆச்சி". "புது வெதை கொஞ்சம் தூங்கும்யா"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிடுவாங்க. பதினோராம் நாள் மண்ணைத் தூக்கிக்கிட்டு ஒரு வளைஞ்ச பச்சைத் தலை. நான் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுல இருந்து ஆள் வந்துட்டாங்க.

மொத்தம் பதினாலு முளைச்சுது. ஒரு மாசத்துல நாத்து தயாராகும், ஆடி முடியறதுக்குள்ள நட்டுடலாம். அதுக்குள்ள நான் காலேஜுக்குப் போயிடுவேன். இந்தத் தடவை விதை எடுத்ததும் மூணு வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுக்கப் போறாங்களாம். ஒரு பொட்டலம் எனக்கும் உண்டு, "ஹாஸ்டல்ல எலி இருக்காதுல்லா?"ன்னு கேட்கிறாங்க. நான் உண்மையைச் சொல்லலை.

இன்னொரு உண்மையும் சொல்லலை. பதினாலு இல்ல, இப்போ பதிமூணு. நேத்து ஹோஸ் பைப்பை இழுக்கும்போது ஒரு டப்பா கவுந்துடுச்சு. ஆச்சிக்குப் புதுக் கண்ணாடி அடுத்த வாரம்தான் வருது. அதுவரைக்கும் யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க, ப்ளீஸ்!