கடல் பார்க்காத பால்கனி

போன மாதம் அலுவலக நண்பன் ஒருவன் 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலின் டெக் பிளானை அனுப்பி, "ஃபேமிலியோட போறோம், எந்த ரூம் எடுக்கலாம் சொல்லுடா" என்று கேட்டான். இன்ஜினியரிங் படித்தவனிடம் வரைபடத்தைக் கொடுத்தால் ரூமை மட்டுமா பார்ப்பான்? ராத்திரி ஒரு மணிவரை பார்த்தேன். முதலில் பிரமிப்பு. அப்புறம் எரிச்சல்.

ஃபின்லாந்தின் துர்கு நகரத்தில் கட்டப்பட்டு, 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய கப்பல். ஏறத்தாழ 365 மீட்டர் நீளம், 20 தளங்கள், 7 நீச்சல் குளங்கள், 6 நீர்ச்சறுக்குகள். நிரம்பினால் 7,600 பயணிகள். அவர்களுக்காக உழைக்க 2,350 ஊழியர்கள். இத்தனையும் மிதக்கிறது என்பதே சாதனைதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை பால்கனியோடு. ஒரு பெட்டியின் நீள, அகல, உயரத்தை இரட்டிப்பாக்கினால் உள்ளிடம் எட்டு மடங்காகும். வெளிச்சுவர் நான்கு மடங்குதான். கப்பல் பெருக்கப் பெருக்க, கடல் தெரியாத அறைகள் மிஞ்சும். என்ன செய்தார்கள்? 2009-ல் அதே நிறுவனத்தின் 'ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்' கப்பலின் நடுவயிற்றைத் திறந்து பூங்கா வைத்தார்கள். சுற்றியுள்ள அறைகளுக்கு உள்பக்கம் பார்த்த பால்கனி. ஐகானிலும் அதே கதை. நடுக்கடலில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டு பால்கனி! இதுக்கு நம்ம அபார்ட்மென்ட் போதாதா? 'நேவிகேட்டர் ஆஃப் த சீஸ்' கப்பலில் ஜன்னலில்லாத அறையின் சுவரில் 80 அங்குலத் திரை மாட்டி, கேமரா பிடித்த கடலை நேரலையாக ஓடவிட்டார்கள். பெயர், 'விர்ச்சுவல் பால்கனி'. பக்கை ஃபீச்சர் என்று விற்பது எங்கள் தொழிலில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐகானின் கடைவீதியில் பிரம்மாண்டமான கோளம் ஒன்றைக் கட்டி, அதை மேல்தளங்களின் பாரத்தைத் தாங்க வைத்து, அங்கே கடல் தெரியும்படி செய்திருக்கிறார்கள். அழகான வேலை. ஆனால் பாருங்கள், கப்பலிலிருந்து கடலைப் பார்க்க இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது.

"ஜனங்களுக்குப் பிடிக்குது, உனக்கென்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தாத்தாவும் பேத்தியும் ஒரே இடத்தில் சந்தோஷமாக இருப்பதைக் கேலி செய்ய நான் யார்? ஆனால் ஆட்களை ஆப்பை விட்டு வெளியே போகவிடாமல் வைத்திருக்கும் நிரல்களை நானே எழுதியிருக்கிறேன். 'பிடிக்குது' என்பதை எப்படித் தயாரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்து நிற்பவன் அந்த ஒரு மணி நேரத்தில் எதுவும் வாங்குவதில்லை. காசினோவிலும் மதுக்கூடத்திலும் தனிக்கட்டண உணவகத்திலும்தான் காசு இருக்கிறது. அவனை உள்ளே திருப்பியாக வேண்டும். அதற்கு வசதியான பிளான் இது.

நண்பனுக்கு எழுதினேன்: "உள்பால்கனிக்குக் காசு கொடுக்காதே. ஜன்னலே இல்லாத ரூம் எடு. விடிகாலையில் பிள்ளைகளை எழுப்பி மேல்தளத்துக்குக் கூட்டிப் போ. அங்கே கடலுக்குத் தனிக் கட்டணம் கிடையாது."

பூங்கா பால்கனியைத்தான் புக் செய்திருக்கிறான். கடல் தெரிகிற பால்கனி விலை அதிகமாம்.