சக்கரம் வைத்த வீட்டுக்கு என்ன இன்சூரன்ஸ்?

டெக்சஸில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, நானும் என் மனைவியும் மோட்டார் ஹோமிலேயே குடித்தனம் நடத்துகிறோம். நம்மவர்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, சமையலுக்கு என்ன செய்கிறீர்கள் என்பது. அடுத்தது இன்சூரன்ஸ். நான் வாய் திறப்பதற்குள் யாராவது ஒரு புத்திசாலி குறுக்கே வந்து, "முழு நேரமும் வண்டியில்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள் சார். லீவுக்கு மட்டும் எடுப்பேன் என்று சொல்லி, பையன் வீட்டு விலாசத்தைக் கொடுங்கள். பிரீமியம் பாதியாகக் குறையும்" என்று உபதேசம் செய்துவிடுகிறார். இந்த உபதேசத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குறையும்தான். ஏன் குறைகிறது என்று யோசிக்க வேண்டாமா? உங்களுக்கு வேறெங்கோ ஒரு வீடு இருக்கிறது, சாமான்களுக்கும் உங்கள் மேல் வரும் வழக்குகளுக்கும் அந்த வீட்டு பாலிசி இருக்கிறது என்ற கணக்கில் எழுதப்படுவதுதான் லீவு பாலிசி. வீட்டை விற்றதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. ஆர்.வி. பார்க்கில் வண்டி நிற்கிறது. காபி குடிக்க வந்த பக்கத்து வண்டிக்காரர் உங்கள் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொள்கிறார். இது சாலை விபத்து இல்லை. லீவில் தங்கும்போது நடப்பதற்கென்று கொடுத்த பாதுகாப்பும் நிரந்தரமாகக் குடியிருப்பவருக்குப் பொருந்தாது. இந்த நாட்டில் ஒரு இடுப்பு ஆபரேஷனுக்கும் ஒரு வக்கீலுக்கும் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரருக்கு இருக்கும் அதே பொறுப்புப் பாதுகாப்பை வண்டிக்குக் கொண்டுவருவதற்காகத்தான் 'ஃபுல் டைமர்' பாலிசி என்று ஒன்று தனியாக இருக்கிறது.

க்ளெய்ம் வந்தால்தான் அவர்கள் துருவுவார்கள். உள்ளே வந்து பார்ப்பவர் கண்ணில் வெட் கிரைண்டரும், சாமி படமும், அஞ்சறைப் பெட்டியும் படும். லீவுக்கு வந்தவர் என்று யார் நம்புவார்கள்? பொய் விவரம் கொடுத்தவருக்குப் பணம் மறுக்கவும், பாலிசியையே ரத்து செய்யவும் அவர்களுக்கு வழி இருக்கிறது.

ஃபுல் டைமர் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. வண்டி முழுதாக எரிந்தால் தேய்மானம் கழித்துத் தருவார்களா, முன்பே ஒப்புக்கொண்ட தொகையைத் தருவார்களா என்று கேளுங்கள். மோட்டார் ஹோம் விலை இறங்குகிற வேகத்தில், கடன் பாக்கியைவிடக் குறைவாகக் கைக்கு வரலாம். நகைக்குப் பெரும்பாலும் தனியாக ஒரு சின்ன உச்சவரம்பு வைத்திருப்பார்கள். நம் பெண்கள் கழுத்தில் போட்டிருப்பதற்கே அது காணாது. நகையைப் பட்டியல் போட்டுத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதைவிட எனக்குக் கோபம் வருவது மருத்துவ இன்சூரன்ஸ் விஷயத்தில். 65 வயது ஆனதும் பல் வைத்தியம் இலவசம், கண்ணாடி இலவசம் என்று டி.வி.யில் கூவுகிறார்கள். நம் ஆட்களும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் போய் விழுகிறார்கள். ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு அது சரியாக வரலாம். ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு? அந்தத் திட்டங்கள் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கானவை. அவசர சிகிச்சைக்கு எங்கும் செல்லும், ஆனால் பல திட்டங்களில் சர்க்கரைக்கும் முழங்காலுக்கும் மாதாமாதம் டாக்டரைப் பார்க்க முடியாது. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் அந்தப் பகுதிக்கு வெளியே இருந்தால் பொதுவாகத் திட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். பழைய ஒரிஜினல் மெடிகேர் அப்படியில்லை. அதை ஏற்றுக்கொள்ளும் டாக்டர் அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் இருந்தாலும் செல்லும். அது விட்டுவைக்கும் செலவுக்கு மெடிகேப் வாங்கிக்கொள்ளலாம். 65 வயதில் பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்துக்குள் கேட்டால், உங்களுக்கு என்ன வியாதி இருந்தாலும் மறுக்க முடியாது. அப்புறம் போனால் பெரும்பாலான மாநிலங்களில் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள், மறுக்கவும் செய்வார்கள். இலவசக் கண்ணாடிக்கு ஆசைப்பட்டு அந்த ஆறு மாதத்தைத் தொலைக்கச் சொல்லும் ஏஜென்டுகளை என்ன சொல்வது!

வருமான வரி இல்லை என்பதற்காக டெக்சஸ், ஃபுளோரிடா, சவுத் டகோட்டா என்று விலாசம் தேடுகிறவர்கள், அந்த விலாசத்துக்கு வண்டி பிரீமியம் எவ்வளவு, மெடிகேப் எவ்வளவு என்றும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். வரி மிச்சத்தை விட அது பெரிதாக இருக்கலாம்.

குளிருக்குப் பயந்து மெக்சிகோ பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அமெரிக்க வண்டி பாலிசியைச் சட்டம் ஏற்காது. மெக்சிகோ நிறுவனத்தின் பாலிசி ஒன்றை எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே எடுத்து, தாளில் அச்சடித்து வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். மெடிகேரும் அங்கே அநேகமாகச் செல்லாது.